அட்டென்டன்ஸ் போய்விடக் கூடாதென்று

நான் நர்ஸ். எங்கள் பதிவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வார்டுக்குள் கால் வைக்க முடியாது. இப்போது பயிற்சி எல்லாம் ஆன்லைனில்தான்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. கணவர் தோல்பை பட்டறைக்குப் போய்விட்டால் நானும் மூன்று வயது மகளும்தான். முதல் வகுப்பில் அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கையாட்டினாள். வகுப்பை நடத்தியவர் இந்தியில் சொன்னார்: "மேடம், கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தால் அட்டென்டன்ஸ் கிடையாது." அன்றைய வகுப்பு கணக்கில் சேரவில்லை.

பயந்துவிட்டேன். லேப்டாப்பைத் திறந்தால் ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று மகளுக்குச் சொல்லிவைத்தேன். அந்த வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு எப்படிச் சொல்வதென்று அன்று தெரியவில்லை.

அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டாள்: "ஏட்டி, ஒம்பிள்ள வாயில என்னத்த வச்சு அடைச்சிருக்க? எங்க வீட்டுல ரெண்டு கெடக்கு, கத்திக் கத்தியே என்னைய செவிடாக்கிட்டு. ஒரு வாரம் ஒங்கிட்ட விடட்டா?"

நான் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி வகுப்பன்று, குர்த்தாவைத் தேய்த்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, இஸ்திரிப் பெட்டியை ஃப்ரிட்ஜ் ஓரமாகத் தரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சூடு ஆறியிருக்காது என்பதை மறந்தேனா, அவள் தொடமாட்டாள் என்று நம்பினேனா, இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்றைய பாடம், சிறு குழந்தைகளின் வலியைக் கணிப்பது. முகம், கால்கள், அழுகை என்று ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். "அழவில்லை என்பதற்காக வலி இல்லை என்று எழுதிவிடாதீர்கள்" என்றார் பயிற்சியாளர். குறித்துக்கொண்டேன். முடிவில் கேட்ட பத்துக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் கொடுத்தேன்.

லேப்டாப்பை மூடிய பிறகும் மகள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வலது கையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடித்துக் கடித்துக் கீழுதடு வீங்கியிருந்தது. கையை விரித்தால், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"எப்பம்மா சுட்டுச்சு?"

"நீ சாருக்கு நமஸ்தே சொன்னேல்லா, அப்பம்."

நமஸ்தே சொன்னது தொடக்கத்தில். அதன்பின் நாற்பது நிமிடம் நான் பாடம் கேட்டிருக்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு, ஈரத்துணியைச் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். எவ்வளவு நேரமாயிற்று என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். "இப்போதுதான்" என்றேன். என் தொழிலில் இருப்பவளிடமே பொய் சொன்னேன். அவள் மருந்து போட்டுக் கட்டினாள். "எவ்வளவு சமத்து! கொஞ்சம்கூட அழவில்லையே" என்று இந்தியில் மெச்சிவிட்டு, விவரங்களைப் பதியத் திரும்பி உட்கார்ந்தாள்.

நான் மகளின் காதருகே குனிந்தேன். "அழுட்டி என் தங்கம். வலிச்சா அழணும்."

அவள் என் வாயைத் தன் இடது கையால் மெல்லப் பொத்தினாள்.

"சத்தம் போடாதம்மா. அந்த அக்கா கம்ப்யூட்டர் பாக்காங்கல்லா."