இரண்டு முறை முதலாம் ஸ்பானிஷ்

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே "பெர்ரோ, பெர்ரோ" என்று சொல்லிப் பார்ப்பது இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்பானிஷில் நாய்க்கு அதுதான் பெயர். வகுப்பில் யாருக்கும் நடுவில் வரும் அந்த 'ர்ர' நாக்கில் உருளவில்லை. அக்காவுக்கு மட்டும் முதல் தடவையே வந்துவிட்டதால் டீச்சர் கைதட்டி, எல்லோருக்கும் சொல்லிக் காட்டச் சொன்னாராம். "நம்ம கறில வர்ற 'ற'தான்டி இது. இதுக்குப் போய்க் கைதட்டுறாங்க," என்று சொல்லிவிட்டு, ஈரக்கையோடு மறுபடி ஒருமுறை சொல்லிச் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, கோபிச்செட்டிபாளையத்திலிருந்து டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு வந்திருந்தோம். அக்கா பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவள். தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அவளுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும். காலியான சீரியல் பெட்டிகளை வெட்டி ஒட்டி, முற்றமும் மாடிப்படியும் வைத்து வீடுகள் செய்வாள்; ஜன்னல் அடுக்கில் ஒரு தெருவே நின்றது. பதினோராம் வகுப்பில் சேரப் போனபோது எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் பள்ளியின் கவுன்சிலர் அம்மாள், பல்கலைக்கழகத்துக்குப் போக ஏதாவது ஒரு அந்நிய மொழியைப் பள்ளியில் இரண்டு வருடம் படித்திருக்க வேண்டும் என்று சொன்னார். மற்றவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியிருந்தார்கள். அக்காவுக்கு மிச்சமிருந்ததே இரண்டு வருடம்தான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலாம் ஸ்பானிஷ் படித்து, 'ஏ' வாங்கினாள்.

அந்தக் கோடையில் அப்பாவின் ப்ராஜெக்ட் முடிந்துபோனது. அடுத்தது கிடைத்த இடம் நியூ ஜெர்சி. வெஸ்ட் வின்ட்சரில் புதுப் பள்ளி, அக்காவுக்குக் கடைசி வகுப்பு. அங்கே ஒரு சோதனை வைத்தார்கள். கேட்டியில் வருடம் முழுக்க நடத்திய பாடம் இங்கே பாதி வருடத்துப் பாடமாம். அவளை மறுபடியும் முதலாம் ஸ்பானிஷிலேயே போட்டுவிட்டார்கள்.

"அங்க 'ஏ' வாங்கியிருக்கேன்னு சொன்னேன்ப்பா. பேஸ் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு சொல்றாங்க."

"போகட்டும் கண்ணு. ரெண்டு வருஷம் ஸ்பானிஷ்னுதானே கேக்குறாங்க? ரெண்டு வருஷம் ஆயிருமில்ல," என்றார் அப்பா. அது சரிதான் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

குளிர்காலம் முடிவதற்குள் கட்டடக்கலைக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு அக்கம்பக்கத்து ஆன்ட்டிகளுக்கெல்லாம் கொடுத்தார். பள்ளி முடிந்து மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் போன் வந்தது. முதலாம் ஸ்பானிஷை எத்தனை முறை படித்தாலும் அது ஒரு வருடக் கணக்குத்தானாம். தகுதி நிறைவேறவில்லை, இடம் இல்லை.

அப்பா லீவு போட்டார். இன்டர்வியூவுக்குக் கட்டும் டையைக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நேரே பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். எங்கள் மூவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்பா யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் சொன்னார்: என் மகள் பத்து வருடம் தமிழ் படித்திருக்கிறாள், பள்ளியில் முதல் மாணவி, அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

"வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டார் அவர்.

"தமிழ்."

"அப்படியானால் அது அவளுடைய சொந்த மொழி, சார். அந்நிய மொழி ஆகாதே."

"அப்ப ஆங்கிலம்? எங்களுக்கு அதுதானே அந்நிய மொழி?"

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் சிவந்துபோனது. தேர்வு எழுதித் தகுதி காட்ட வழி உண்டு, ஆனால் தமிழுக்கு எங்களிடம் தேர்வு இல்லை, மன்னிக்க வேண்டும், என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோபித்துக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை. அக்கா அப்பாவின் சட்டைக் கையை மெல்ல இழுத்து, "போலாம்ப்பா," என்றாள்.

பார்க்கிங்கிலிருந்து வெளியேறும் வழி தெரியாமல் அப்பா சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அக்கா வழக்கமாக முன்சீட்டிலிருந்து பலகைகளைப் படித்து வழி சொல்லுவாள். அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலிருந்த சிறிய கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் ஸ்பானிஷையும் முடித்து மறுபடி விண்ணப்பித்தாள். அந்த வருடம் கட்டடக்கலையில் இடம் நிரம்பியிருந்தது. அக்கவுன்டிங் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள். எதுவும் கெட்டுப்போகவில்லை என்று அம்மா இன்றும் சொல்லுவார். வீடு மாறும்போது அந்தப் பெட்டி வீடுகளை அக்காவே ஒவ்வொன்றாகத் தட்டையாக்கி, காகிதக் குப்பையோடு சேர்த்துக் கட்டினாள். உதவிக்குப் போன என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

இப்போது அவள் மகள் படிக்கும் பள்ளியில், வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போனால் அந்நிய மொழிப் பாடத்துக்கான கிரெடிட் தருகிறார்கள். சனிக்கிழமைதோறும் அக்காதான் காரில் கொண்டுபோய் விடுகிறாள். போன மாதம் நானும் கூடப் போனேன். பின்சீட்டில் 'அணில், ஆடு' என்று திக்கித் திக்கிப் படித்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து, "மாம், தமிழ் நெஜமாவே ஃபாரின் லாங்குவேஜா?" என்று கேட்டாள்.

சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பச்சை விழுந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் அக்கா சொன்னாள்:

"உனக்கு ஆமா, கண்ணு."

"குட். அப்போ கிரெடிட் வந்துரும்," என்று அவள் மறுபடி புத்தகத்தில் குனிந்துகொண்டாள்.