பக்கத்து சீட்டின் பிரேக்

இது கட்டுக்கதை என்றால் இதில் நான் இன்னும் கொஞ்சம் துணிச்சலாக வந்திருப்பேன். நிஜமாக நடந்தது என்பதால், நடுங்கிக்கொண்டேதான் வருகிறேன்.

தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். ஆசையால் அல்ல, அக்காவால். ஊருக்கு வெளியே மருத்துவமனையில் கிடக்கிறாள். மாலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நான் போகாவிட்டால் அவள் கட்டிலருகே நாற்காலி காலியாகத்தான் இருக்கும். எனக்கும் வீட்டில் பேச்சுத்துணை சுவர்தான். இப்போதெல்லாம் அதுவும் காது கொடுப்பதில்லை.

கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் நம் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். லைசென்ஸ் வந்ததும் அந்தப் பழைய காரையே வாங்கிவிட்டேன். அவர் பக்கத்துப் பிரேக்கை நான் கழற்றவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

மருத்துவமனை வழியில் ஒரு பெரிய ரவுண்டானா. என் ஜென்ம விரோதி.

"உள்ள நுழையறப்ப எல்லாரும் பாக்கறாங்க சார். வெளிய வர்றப்பதான் ஒருத்தனும் பாக்கறதில்ல. நடக்கறவங்க, சைக்கிள்காரங்க எல்லாம் அங்கதான் அடிபடறாங்க" என்பார் மாஸ்டர். தலையாட்டுவேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அன்று நல்ல மழை. இருட்டிவிட்டது. ஏழரைக்கு மேல் வார்டுக்குள் விடமாட்டார்கள். அக்காவின் துவைத்த துணிகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பறந்தேன். என் அகராதியில் பறப்பது என்றால் நாற்பது.

ரவுண்டானா கண்ணில் பட்டதும்...

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி. நான் போட்டிருந்தேன். பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அதற்கும் அடிக்கும். அங்கே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

மழையில் ஒயர் நனைந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். "யாரா இருந்தாலும் பெல்ட்டப் போடுங்க சார்" என்று கிண்டலும் அடித்தேன்.

க்ளிக்.

மணி நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து ஒத்துழைக்கவில்லை.

வட்டத்துக்குள் நுழைந்தேன். லாரியைப் பார்த்தேன். வேனைப் பார்த்தேன். நான் பிரிய வேண்டிய சாலை வந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன்...

தட்!

கார் குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது.

என் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது.

பக்கத்துப் பிரேக் தரையோடு அழுந்திக் கிடந்தது.

முன்னால் ஒரு பெண், சைக்கிளைத் தள்ளியபடி. கேரியரில் மழைக்கோட்டுக்குள் ஒரு குழந்தை. ஒரு முழம்கூட இடைவெளியில்லை.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"தப்புதாம்மா... போங்க."

போனார்கள். குழந்தை மட்டும் திரும்பி, என் பக்கத்து சீட்டைப் பார்த்துக் கையசைத்தது.

பிரேக் மெல்ல மேலே எழுந்தது.

கிரீ...ச்.

எப்படி வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டியோன்னு பயந்துட்டேன்டா."

"வராம எங்கக்கா போவேன்? ரவுண்டானாவுல சுத்திக்கிட்டிருந்தேன்."

சிரித்தாள். அவள் தூங்கும்வரை அசையாமல் இருந்தேன்.

பிறகு வராந்தாவில் நின்று யோசித்தேன். அந்தப் பிரேக்கை மிதிக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். ஐயோ, மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ? உடனே போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சார்!"

"மாஸ்டர்... உயிரோடதான் இருக்கீங்களா?"

"என்ன சார் இப்படி வாழ்த்தறீங்க?"

நடந்ததைச் சொன்னேன். "கத்துக்கறப்ப அந்த வட்டத்துல எனக்காக நீங்கதானே பிரேக் போடுவீங்க. அதான் கேட்டேன்."



"விளையாடாதீங்க சார். அங்க நான் பிரேக்ல கால வச்சதே இல்ல. எல்லா இடத்துலயும் சொதப்புவீங்க, அங்க மட்டும் நீங்களே டாண்ணு போட்டுடுவீங்க."

போட்டதில்லை. அந்த இடம் வந்தாலே எனக்குக் கால் மரத்துப்போகும். ஒருநாள்கூட, ஒருமுறைகூட, அங்கே நான் பிரேக்கைத் தொட்டதில்லை.

வெளியே மழையில் கார் நின்றிருந்தது. வீட்டுக்குப் போக வேறு வழியில்லை.