தட்டில் ஒதுங்கிய தண்ணீர்

அந்தத் தையல்காரிக்குக் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள். மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் தைத்துக் கெடுத்த துணிகளைப் பிரித்துத் திருத்திக் கொடுப்பது அவள் தொழில். ஆள் வாசலில் நுழையும்போதே, "உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்பாள். நாடாவை வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். வீட்டில் அவளும், பஸ் ஓட்டுகிற கணவனும்தான். பிள்ளைகள் இல்லை.

வெளியூருக்குக் குடிபோன வாடிக்கைக்காரி ஒருத்தி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு உருண்டைக் கள்ளியைத் தொட்டியோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "தண்ணி ஊத்தியே கொன்னுடாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லியும் இருந்தாள். தையல்காரி அதற்கு முன்பு இரண்டு கள்ளிகளை அப்படித்தான் கொன்றிருந்தாள். வாடுகிறதோ என்று பரிதாபப்பட்டுத் தினமும் ஒரு டம்ளர் ஊற்றப்போய், அடி அழுகி, தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

இதற்கு மணலும் செங்கல்தூளும் கலந்து மண் போட்டாள். மேலே தண்ணீர் ஊற்றுவதையே விட்டாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தட்டையான எவர்சில்வர் தட்டில் விரல்கடை அளவு தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் அரைமணி நேரம் நிறுத்துவாள். மண் அடித்துளை வழியாக வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். மீதியைக் கொட்டிவிடுவாள். குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. வெயில் ஒரே பக்கம் பட்டு உடம்பு கோணிவிடாமல், வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள்.

"எனக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்குதோ இல்லையோ, முள்ளுக்கு முறை தவறக்கூடாது" என்பான் கணவன்.

மூன்றாம் வருடம் கள்ளியின் தலையில் இரண்டு மொட்டு எட்டிப்பார்த்தது. மொட்டு வைத்த செடியை இடம் மாற்றினால் உதிர்த்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதனால் திருப்புவதை நிறுத்தி, தட்டோடு ஜன்னல் திண்டில் ஒரே இடத்தில் வைத்தாள்.

அந்த மாதம்தான் கட்டடத்தின் தரைதளத்தில் இருந்த மெத்தைக் கடைக்காரர் கடையைப் பெரிதாக்கினார். நடுவில் இருந்த சுவரை எட்டு நாள் இடித்தார்கள். மூன்றாவது மாடியில் ஊசி நடுங்கியது. பிறகு சத்தம் நின்றது.

அடுத்த முறை தட்டில் தண்ணீர் விட்டபோது, அது தெருப்பக்கமாக ஒதுங்கி நின்றது. அறைப்பக்கம் தட்டு காய்ந்துகிடந்தது. தட்டுதான் நெளிந்துவிட்டது என்று வேறு தட்டு மாற்றினாள். அதிலும் அப்படியே. சமையலறைக் கிண்ணம், கணவனின் சாப்பாட்டுத் தட்டு, எதை வைத்தாலும் தண்ணீர் தெருவைப் பார்த்தே போனது.

ஒரு நூலின் நுனியில், மெஷினுக்கு அடிநூல் சுற்றும் இரும்பு பாபினைக் கட்டி, ஜன்னல் சட்டத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டாள். பாபின் ஆடி அடங்கியதும், அதன் நேர்கீழே திண்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தேதியை ஆர்டர் நோட்டில் எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பாபின் கோட்டைவிட்டு ஒரு நூல் தள்ளித் தொங்கியது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் நூல் என்பார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் ஒன்றரை நூல்.

"கள்ளிச்செடிக்குத் தண்ணி நிக்கலைன்னு கட்டடத்தையே சந்தேகப்படுறியா?" என்றான் கணவன்.

"ஏங்க, குளியலறைக் கதவு போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே சாத்துச்சு? இப்ப ஏன் கீழே உரசுது?"

அவன் எழுந்துபோய் கதவை இரண்டு தரம் சாத்திப் பார்த்தான்.

அவள் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பழைய கட்டடம்மா. கொஞ்சம் உக்காரத்தான் செய்யும்" என்றார்.

"உக்கார்ற கட்டடம் ஒரு பக்கமாவா சார் உக்காரும்?"

"இன்ஜினியர் பாத்துட்டுத்தான் இடிச்சோம். நீங்க தையலைப் பாருங்க."

எந்த இன்ஜினியர் என்று கேட்டாள். அவர் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். நகராட்சியில் எழுதிக் கொடுத்தாள். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அவளை நம்பியது ஒரே ஒருவர்தான். இரண்டாம் மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் அந்த வட்டாரத்தின் எல்லா மாடியும் ஏறி இறங்கிய கால் அவருடையது. "மூணாவது படி முன்ன இப்படி இருந்ததில்ல தங்கச்சி. என் முட்டி சொல்லுது" என்றார். அவர் சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியது. அது அகலுகிறதா என்று பார்க்க அவர் ஒட்டிய காகிதப் பட்டை நடுவில் கிழிந்திருந்தது.

மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை பாபின் ஒரே இரவில் இரண்டு நூல் நகர்ந்திருந்தது. தையல்காரி மெஷினை மூடிவைத்தாள். தபால்காரரும் அவளுமாகக் கதவு கதவாகத் தட்டினார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். ஆனால் அவள் பேச்சைவிட அவள் முகம் அவர்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். மதியத்துக்குள் ஒன்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றது. மெத்தைக் கடைக்காரர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, வேலைக்காரர்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

அவளும் கணவனும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். கள்ளியை மடியில் வைத்துத்தான் கொண்டுபோனாள். அங்கே இரண்டாம் நாள் ஒரு மொட்டு விரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பூ. அக்கா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். தையல்காரி அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, கட்டடம் இருந்த திசையில் ஜன்னல் இருக்கிறதா என்று தேடினாள்.

ஆனால் எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் கட்டடம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. மழையும் விட்டது. "ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு நடுத்தெருவுக்கு வந்தோமே" என்று ஆறாம் நாள் இரண்டு குடும்பம் திரும்பிப் போனது. கணவனும், "அக்கா வீட்டுல எத்தனை நாள்தான் இருக்கிறது?" என்றான். ஏழாம் நாள், தபால்காரரும் தன் அறைக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டாள்.

எட்டாம் நாள் காலை நூலும் பாபினுமாக அவரைத் தேடிப் போனாள். படியேறும்போது கைப்பிடிச் சுவரிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் பாயில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா அண்ணே?"

"மருமகன் வீடு தங்கச்சி. அவர் நல்லவர்தான். ஆனா நான் இருமினாக்கூட எழுந்து உக்காந்துக்கிறார். ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கிட்டுப் போயிடுறேன்."

அவள் மாடிக்குப் போய்த் தன் ஜன்னலில் நூலைத் தொங்கவிட்டாள். பழைய கோட்டிலிருந்து பாபின் ஒரு விரல் தள்ளி நின்றது. அவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சரி. நாளைக்குக் காலையில போயிடுறேன். துணி நனைச்சுப் போட்டிருக்கேன், அது காயட்டும்."

"ஈரத்துணியைப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க அண்ணே. நான் காய வைக்கிறேன்."

"நாளைக்கு, சத்தியமா" என்று சிரித்தார். திரும்பி வந்திருந்த இரண்டு குடும்பத்தையும் அவளே கையைப் பிடித்து இழுக்காத குறையாக இறக்கிக் கூட்டிவந்தாள். அவரை அப்படி இழுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூத்தவர், மரியாதைக்குரியவர், தன் பேச்சை முதலில் நம்பியவர்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டடம் தெருப்பக்கமாகச் சரிந்து இறங்கியது. அக்கா வீட்டில் இருந்தவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த கணவன்தான் சொன்னான். கடையில் இருந்த இரண்டு வேலைக்காரர்களும் தபால்காரரும் இடிபாட்டில் சிக்கி இறந்துபோனார்கள். மெத்தைக் கடைக்காரர் வெளியே போயிருந்ததால் தப்பினார்.

விசாரணையில் அவளைக் கூப்பிட்டார்கள். ஆர்டர் நோட்டை விரித்துத் தேதிவாரியாகப் படித்தாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "முதல்ல எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார். தட்டுத் தண்ணீரைச் சொன்னாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. கட்டடச் சொந்தக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மெத்தைக் கடைக்காரருக்கும் தண்டனை கிடைத்தது.

பிழைத்த குடும்பங்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டன. அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. தபால்காரரின் மகள் ஒருநாள் வந்து, "அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்வாரு" என்றபோது, "நான் அவரை இழுத்துட்டு வந்திருக்கணும்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவை யாராலும் இழுத்திருக்க முடியாது என்றாள். தையல்காரி தலையை ஆட்டினாள். நம்பினாளா என்பது வேறு விஷயம்.

இப்போது அவர்கள் தரைதளத்தில் குடியிருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுக்க நிற்கும்போது, அவள் கண் சில சமயம் அவர்கள் தோளைத் தாண்டிப் பின்சுவருக்குப் போய்விடுகிறது. கணவன் அதைப் பார்த்தால், கேலி பேசாமல், தானும் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான்.