ஐந்து நாள் பொறுக்கவேண்டிய மருந்து

கண்டி நகரத்துக்குள் நுழையும் முன்பே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பத்மாதேவியின் பையைத் துழாவிய ஆமிக்காரனின் கையில் இரண்டு பொலித்தீன் பொட்டலங்கள் அகப்பட்டன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே கோதுமை மாவைப்போல வெள்ளைத் தூள். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய் என்றிருந்தது. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொள்ள, அவளை மட்டும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள்.

புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகாவையில் குண்டு வெடித்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. கண்டியில் தமிழ்ப் பெயர் உள்ள எவரும் அப்போது தேவையில்லாமல் வெளியே போவதில்லை. பத்மாதேவிக்குப் போகவேண்டியிருந்தது. அவள் விவசாயப் போதனாசிரியை. பொட்டலத்தில் இருந்தது கோவாவை, அதாவது முட்டைக்கோசை, அரிக்கும் புழுவுக்கான மருந்து. அவளுடைய அலுவலகமான விவசாயக் கந்தோருக்கு வந்த பெரிய பையிலிருந்து பரிசோதனைக்கென்று கொஞ்சம் பிரித்துக் கட்டியது. பெயர்ச்சீட்டு ஒட்ட நேரமிருக்கவில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் மருந்து வாங்காதீர்கள் என்று பதினாறு வருடமாகப் பயிர் செய்யும் கமக்காரருக்குச் சொல்லிவந்தவள் அவளேதான். அந்தக் கொட்டிலில் நின்றபோது அது அவளைச் சுட்டது. கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு விட்டார்கள். பொட்டலங்களின் விவரத்தையும் அவளுடைய பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடந்தான். கெலிஓயாவில் ஹபீலா என்கிற முஸ்லிம் பெண்ணின் தகப்பனார் தன் வீட்டு உள்ளறையில் அவளை நாலு நாள் வைத்துப் பாதுகாத்தார். ஊருக்கு வந்துவிடு என்று கோப்பாயிலிருந்து அவளைப் பெற்ற ஐயா கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். அவள் போகவில்லை. அதே அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். கலியாணப் பேச்சுகள் வந்தன; போரில் யாழ்ப்பாணப் பாதை அடைபட, அவையும் நின்றுபோயின. தன் தகப்பனார் காலமானபின் ஹபீலாதான் வீட்டுக்காரி. அவளுக்கு பத்மாதேவி வாடகைக்காரி அல்ல, அக்கா.

அவள் போதனைக்குப் போகிற ஹேவாஹெட்ட மலைப்பக்கத்தில் அந்த வருடம் கோவாவைப் புழு சல்லடையாக்கிக்கொண்டிருந்தது. கமக்காரர் மூன்று நாளைக்கு ஒருதரம் மருந்தடித்தார்கள். ஒன்றுக்குப் புழு சாகாவிட்டால் இரண்டைக் கலந்தார்கள். இரண்டும் போதாவிட்டால் மூன்று. கோவா சந்தைக்குப் போகிற அன்று காலையிலும் அடித்தவர்கள் உண்டு. அதைத் தின்பவர்களை நினைத்து பத்மாதேவிக்குச் சோறு இறங்காது. புதிய மருந்து வந்தபோது அவள் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் அதுதான். அது புழுவைச் சுருட்டிப்போடுகிற நஞ்சல்ல. புழு வளர்வதற்காகத் தோலை உரிக்கும்போது புதுத்தோல் சரியாக உருவாகாமல் தடுக்கும். புழு உரியவும் முடியாமல் தின்னவும் முடியாமல் செத்துப்போகும்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு பக்கத்துச் சரிவில் குத்தகைக்குக் கோவா போட்டிருந்தவர் கறுப்பையா. பரிசோதனைக்கு முதலில் சம்மதித்தவர் அவர்தான். பத்மாதேவி அவருக்கு முன்னாலேயே தூளைக் கரைத்துக் காட்டினாள். நீளக்கைச் சட்டை போடவேண்டும், வாயையும் மூக்கையும் துணியால் கட்டவேண்டும், காற்றுக்கு எதிராக அடிக்கக்கூடாது என்றாள். மருந்தடிக்கிற டாங்கியை ஓடையில் கழுவக்கூடாது, ஓடையில் இருக்கிற நண்டும் இறாலும் தோல் உரிப்பவை, அவை செத்துப்போகும் என்றாள். அடித்த பிறகு இரண்டு கிழமை வெட்டக்கூடாது என்றும் சொன்னாள்.

"முக்கியமான விசயம் ஒண்டு, கறுப்பையா. இண்டைக்கு அடிச்சா நாளைக்குப் புழு சாகாது. தின்னுகொண்டுதான் இருக்கும். அஞ்சு நாள் பொறுக்கவேணும். வேற ஒண்டும் அடிக்கக்கூடாது."

"சரிங்க மிஸ். அஞ்சு நாள்தானே, பொறுத்துக்கிறேன்" என்றார் கறுப்பையா.

இரண்டாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பத்மாதேவி போய்ப் பார்த்தாள். புழுக்கள் முன்னைவிடக் கொழுத்துத் தெரிந்தன. அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்திருப்பதும் நம்புவதும் வேறு வேறாக இருந்தன. தேத்தண்ணிக் கடையை அவள் தாண்டும்போது உள்ளே இருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். சிங்களக் கமக்காரர் ஒருவர், நல்ல மனிதர், பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். மிஸ் கொடுத்தது மருந்தில்லை, வெறும் மா என்று ஆட்கள் பேசுகிறார்களாம். பயிரைக் கெடுக்கத் தமிழ் மிஸ்ஸை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சிலர் சொல்கிறார்களாம். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது என்றார்.

நாலாம் நாள் அவள் போகவில்லை. பின்னாளில் அவள் தன்னை மன்னிக்காத ஒன்று உண்டென்றால் அது இந்த நாலாம் நாள்தான்.

ஐந்தாம் நாள் காலையில் பொலிஸ் ஜீப் கெலிஓயா வீட்டு வாசலில் வந்து நின்றது. கறுப்பையா முதல்நாள் பின்னேரம் கோவாப் பாத்தியில் விழுந்து கிடந்தாராம். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. கண்டிப் பெரியாஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். தமிழ் மிஸ் கொடுத்த வெள்ளைத் தூளை அடித்தவர் என்று முறைப்பாடு வந்திருக்கிறது. ஹபீலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தானும் வருவேன் என்று நின்றாள். உன் பிள்ளைகளைப் பார் என்று சொல்லிவிட்டு பத்மாதேவி ஜீப்பில் ஏறினாள்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் மிச்சப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் சோதனைச் சாவடிக் கொப்பியும் இருந்தது. இன்ஸ்பெக்டர் வயதானவர், சத்தம் போடாதவர். அந்த அமைதிதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. யாருக்காக இதைக் கொண்டுவந்தாய் என்று நாலுவிதமாகக் கேட்டார். அவள் நாலுதரமும் ஒரே பதிலைச் சொன்னாள். சிங்களச் சொற்கள் தடுமாறின. பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள். கறுப்பையாவின் கண்மணி எப்படி இருந்தது என்று டொக்டர் சொன்னாரா?

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடதாசியைப் பார்த்தார். ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்ததாம்.

அப்படியென்றால் இந்தத் தூளின் வேலையல்ல என்றாள் பத்மாதேவி. இது கண்ணில் பட்டால் எரியும், நெஞ்சுக்குள் போனால் இருமல் வரும். கண்மணியைச் சுருக்காது, நுரை தள்ளவைக்காது. அது நரம்பைத் தாக்குகிற பழைய நஞ்சுகளின் வேலை. கறுப்பையா வேறெதையோ கலந்து அடித்திருக்கிறார். போத்தலைக் கண்டுபிடித்தால் டொக்டருக்கும் உதவியாக இருக்கும்.

இன்ஸ்பெக்டர் அவளை நம்பினாரோ இல்லையோ, ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

லயத்து வாசலில் கறுப்பையாவின் மனைவி தவமணி நின்றாள். பொலிஸைக் கண்டதும் தன் புருஷன் வேறெதுவும் அடிக்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பத்மாதேவி அவளைத் தனியே அழைத்துப் பக்கத்தில் குந்தினாள்.

"தவமணி, ஆரிலயும் பிழை சொல்ல வரேல்ல. அவர் என்ன அடிச்சவரெண்டு தெரிஞ்சா டொக்டருக்கு லேசு. எனக்காக இல்லை, அவருக்காகச் சொல்லுங்கோ."

தவமணி அழத்தொடங்கினாள். பிறகு அடுப்புக்குப் பின்னால் விறகுக் கட்டுக்கடியில் கைவிட்டு ஒரு போத்தலை எடுத்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. "எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு சொன்னாருங்க. மிஸ்கிட்ட சொல்லிடாதன்னாரு. வெயிலுக்குச் சட்டையும் போடலைங்க" என்றாள். மூடியைத் திறக்காமலே பழைய பூச்சிநஞ்சின் நெடி பத்மாதேவியின் மூக்கில் ஏறியது. போத்தலை ஒரு பொலிஸ்காரரிடம் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் பாத்திக்கு இறங்கினார். மேல்வரிசைகளில் இலையெல்லாம் அந்த நஞ்சு பட்டு மஞ்சள் தட்டியிருந்தது. கறுப்பையா விழுந்த இடத்துக்குக் கீழே நாலு வரிசைக்குப் பழைய நஞ்சு எட்டவில்லை. பத்மாதேவி அங்கே ஒரு கோவா இலையைப் புரட்டினாள்.  அங்கேயும் புழு உயிரோடிருந்தால் என்ன செய்வது என்று பயந்தாள். இலையின் அடியில் ஏழெட்டுப் புழுக்கள் ஒட்டிக்கிடந்தன. தலைப்பக்கம் பாதி உரிந்த தோல், உடல் கறுத்துச் சுருங்கி. அடுத்த இலையிலும் அப்படியே. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, இதை முதலே ஆட்களுக்குக் காட்டியிருக்கலாமே என்றார். காட்டுவதற்கு ஐந்து நாள் ஆகும் என்றாள் அவள்.

கறுப்பையா பிழைத்தார். பத்து நாள் கண் மங்கலாக இருந்தது. கைநடுக்கம் இன்னும் நாள் எடுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு நாள் பொறுத்தேங்க மிஸ், நாலாம் நாள்தான் முடியல" என்றார். பத்மாதேவிக்குக் கோபம் வரவில்லை. அந்த நாலாம் நாளில் தானும் அங்கே நின்றிருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முடிந்தது என்று எவரும் எழுத்தில் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் பொலிஸில் போய் விலாசத்தை உறுதிப்படுத்தவேண்டியிருந்தது. அது நாலு வருடம் கழித்து வந்த சமாதானப் பேச்சுக் காலம்வரை நீண்டது. பாதுகாப்புக்கென்று சொல்லிக் கந்தோரில் அவளைக் களஞ்சிய வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த போகத்தில் கமக்காரரே மனு எழுதிக் கேட்டு அவளைத் திரும்ப எடுத்தார்கள். முதலில் கையெழுத்து வைத்தவர், தேத்தண்ணிக் கடையிலிருந்து அவளுக்குப் பின்னால் வந்து எச்சரித்த அந்தச் சிங்களக் கமக்காரர். அதற்குப் பிறகு அவள் மருந்தடித்த இலையோடு பத்துப் புழுவை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுத் தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்துவிடுவாள். பெயர்ச்சீட்டை அவளே மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுவாள். நாலாம் நாள் எந்த மழையானாலும் பாத்தியில் நிற்பாள்.

பழைய நஞ்சும் பட்டதால் கறுப்பையாவின் கோவாவை மூன்று கிழமை கழித்துத்தான் வெட்டினார்கள். நல்ல விலை இருந்த சந்தை அதற்குள் போய்விட்டது. ஆனாலும் அவர் ஒரு நாள்கூட முந்தவில்லை. கீழ்வரிசையில் வெட்டிய பெரிய கோவா ஒன்றைத் தவமணி பஸ்ஸில் கெலிஓயாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா அக்கா என்று ஹபீலா கேட்டாள். பத்மாதேவி விரல்மடித்து நாட்களை எண்ணினாள். கொடுக்கலாம் என்றாள். சொல்லிவிட்டு, மேல் இலைகளைக் கழற்றி எறிந்து, மிச்சத்தை உப்புத் தண்ணியில் மூன்றுதரம் கழுவினாள்.