பெட்டி செய்வதை விட்டார்கள்

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் நாகரத்தினத்தைப் போல் அலட்டியவள் வேறு யாருமில்லை. தேயிலைக் காட்டை விட்டுப் பினாங்கு பேக்டரிக்குப் போன முதல் பெண்ணாயிற்றே! டெலிவிஷனில் மாட்டி விளையாடும் பெட்டி செய்கிற வெள்ளைக்காரக் கம்பெனி அது. "அந்தப் பெட்டிய நான்தான்லா செய்யிறேன்" என்பாள். உண்மையில் மூடியைப் பொருத்தித் திருகாணி முடுக்குவதுதான் அவள் வேலை.

எண்பத்து மூன்றாம் வருடத் தீபாவளிக்கு வந்தவள் தன் அம்மா வேலம்மாவின் முட்டியைப் பார்த்தாள். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிய முட்டி, வீங்கிக் கிடந்தது. அப்பா இல்லாத வீடு. பண்டிகை முடிந்த கையோடு அம்மாவை ஆபீசுக்கு அழைத்துப் போய், "எங்கம்மா பேர வெட்டிருங்க கிராணி" என்றாள்.

எஸ்டேட் ஆள் பதிவேட்டை எழுதும் கிராணி பழனியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "பேர வெட்டுனா வீடும் போயிரும். தெரியும்ல?"

"தெரியும் கிராணி. பினாங்குல ரூம் பாக்குறேன். தைப்பூசம் முடிஞ்சதும் அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"சரி, அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று பெரிய மனது பண்ணினார் கிராணி. லயம் முழுக்க எங்களுக்கு அதே பேச்சுத்தான். எஸ்டேட்டில் பிறந்தவர்கள் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பேரை மட்டும் வெட்டிக்கொள்ள மாட்டார்கள்.

தைப்பூசத்துக்கு முன்பே கம்பெனி கையை விரித்தது. மூடிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. இனிமேல் பெட்டி செய்ய மாட்டார்களாம். அடுத்தவன் பெட்டியில் போடுகிற விளையாட்டை மட்டும் செய்வார்களாம். அதற்குத் திருகாணி எதற்கு? நாகரத்தினம் எதற்கு? ஆளுக்கொரு பெட்டியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். கம்பெனி நன்றாகத்தான் இருந்தது, பாவி!

பெட்டியோடு வந்தவள் நேரே கிராணி வீட்டுக்குப் போனாள். கலர் டிவி அங்கேதான் இருந்தது.

"பிள்ளைங்க விளையாடட்டும் கிராணி. அம்மா பேருக்குப் பதிலா எம் பேரப் பதிஞ்சிக்குங்க. நான் கொழுந்து எடுக்கிறேன். வீடு மட்டும் போயிரக் கூடாது."

"பாக்கலாம், பாக்கலாம்."

பிள்ளைகள் ராப்பகலாக விளையாடினார்கள். பெட்டியோடு வந்த ஒரே விளையாட்டு சலித்ததும், புதிது வாங்கக் கிராணி ஈப்போ போனார். கடைக்காரன் சிரித்தானாம். இந்தப் பெட்டிக்கு இனி எதுவும் வராது, அந்தக் கம்பெனியே இதைக் கைகழுவிவிட்டது என்றானாம். கிராணிக்கு மானம் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கத்தினார்: "செத்த பெட்டியக் குடுத்து என்னைய ஏமாத்தப் பாத்தியா? எஸ்டேட்டு எங்கயும் போயிரல. ஒனக்குத்தான் எடமில்ல."

அந்த வாரமே வீடு அவருடைய மச்சானுக்குப் போனது. நல்லா இருப்பானா அந்த மனுசன்?

கியா பார்ம் என்ற ஊரில் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தில் வேலையும் கொட்டகையும் கிடைத்தன; ஆனால் ஒரு நிபந்தனை. கொட்டகை வேண்டுமென்றால் இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டும். காய்கறி லோரியில் சாமான் ஏற்றும்போது கிராணி வீட்டு ஆள் வந்து அந்தப் பெட்டியைச் சட்டிபானைக்கு மேல் வைத்துவிட்டுப் போனான். நாகரத்தினம் அதைத் தூக்கிச் சாக்கடையில் எறியப் போனாள். வேலம்மா பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல நீ செஞ்சது எதும்மா?"

நாகரத்தினம் திருகாணியைத் தொட்டுக் காட்டினாள். மழை தூறியது. வேலம்மா முந்தானையால் பெட்டியை மூடினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, அந்த முட்டியோடு, வேலம்மா மகளுக்குப் பின்னால் சரிவில் ஏறிக் கோசு வெட்டப் போனாள்.