நோலீனின் முன்சக்கரம்

வேலையில் இறங்கியதும் ஒரு வாஷரை எடுத்து உதடுகளுக்கு நடுவே செருகிக்கொள்வாள் நோலீன் டாக்கெட். இருபது வருஷப் பழக்கம். இரண்டு கையும் கிரீஸாக இருக்கும்போது வேறு எங்கே வைப்பது? அப்போது யார் என்ன கேட்டாலும் "ம்ம்"தான் பதில். பேச்சென்றாலே கூசுகிற அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஊர்க் கிரிக்கெட் மைதானத்துப் புல்லை வெட்டுவது அவள்தான். கிரிக்கெட் சங்கத்தின் புல்வெட்டும் டிராக்டர் அவளைவிடப் பத்து வயதுதான் இளையது. போன மாதம் அதன் இடது முன்சக்கரம் குடித்தவன்போலத் தள்ளாடத் தொடங்கியது. செயலாளர் கெவின் வந்து பார்த்தார்.

"சனிக்கிழமை மேட்ச், நோலீன். வியாழனுக்குள்ள இது ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு, வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் குடுத்துடுவோம். கோச்சுக்காத."

"ம்ம்" என்றாள். உதட்டில் வாஷர் இல்லை. வியாழன் காலையில் அந்தப் பச்சை வட்டத்தைத் தனியாகச் சுற்றிவருவதற்குத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

தேய்ந்த பேரிங்குக்குப் பதில் வாங்கிய புதியதைப் புதனன்று ஃப்ரீசரில் போட்டுவைத்தாள். குளிரில் துளி சுருங்கினால் சக்கரக் குடத்துக்குள் முரண்டாமல் இறங்கும். அவள் கணவன் டக் கத்தினான்.

"பட்டாணிக்குக் கைய விட்டா இரும்பு வருது! கடிச்சிருந்தா பல்லு போயிருக்கும்டி."

"இருக்கிறதே நாலு. போனா போகுது."

பேரிங் இறங்கியது. அச்சில் மீதமிருந்த இடைவெளிக்கு நகம் கனமுள்ள வாஷர்களை ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஒன்று போட்டு ஆட்டிப்பார்ப்பாள், இன்னொன்று போடுவாள். ஐந்தாவதோடு ஆட்டம் அடியோடு நின்றது.

வியாழன் காலை மூன்றாவது சுற்றில் சக்கரம் முனகியது. நிறுத்தி அதன் நடுவைத் தொட்டால் கை பொசுங்கியது. வேலியோரம் நின்ற கெவின், "அவ்ளோதானா?" என்றார்.

தப்பு அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தள்ளாட்டத்துக்குப் பயந்து, சுழல இடமில்லாமல் நெருக்கிவிட்டாள். புல்லில் உட்கார்ந்து, ஆறும்வரை காத்திருந்தாள். அச்சு முனையில் சக்கரத்தைப் பிடித்திருந்த பின்னைப் பிடுங்கி, இருப்பதிலேயே மெல்லிய வாஷர் ஒன்றை உருவி எறிந்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினாள். கெவின் வந்து அதை உலுக்கிப் பார்த்தார்.

"இன்னும் ஆடுதே?"

"ஆடட்டும். உன் பெல்ட்ட மட்டும் ரெண்டு ஓட்டை தளர்த்திப் போட்டிருக்கியே, எதுக்கு?"

கெவின் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை. சொன்ன மாத்திரத்தில் அவள் காது சிவந்துவிட்டது; இஞ்சினை முடுக்கிக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை சக்கரம் முனகவில்லை.

சனிக்கிழமை மேட்ச் நடந்தது. காண்ட்ராக்ட் பேச்சு அதற்குப்பின் எழவில்லை. இன்றைக்கும் வியாழன்தோறும் அவள்தான் வெட்டுகிறாள். கடைசிச் சுற்று முடிந்து இறங்கியதும் கையுறையைக் கழற்றி, இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையைச் சற்று நேரம் வைத்துப் பார்க்கிறாள்.