மோட்டார் சத்தம் கேட்டால் அணையும் விளக்கு

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எனக்கு முன்னால் தெரிந்த சின்ன வெளிச்சம், நான் வேகத்தைக் குறைத்த கையோடு சட்டென்று அணைந்துபோனது. உலு திராமில் எங்கள் குடியிருப்பிலிருந்து கோவிலுக்குப் போகும் செம்பனைத் தோட்டச் சாலை அது. அப்போது அங்கே ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லை தாண்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் கையைக் காட்டி நிறுத்தி, காரையே பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று வேலையிடத்தில் நாளுக்கொரு கதை சொல்வார்கள். அதையெல்லாம் நம்புகிற ஆள்தான் நான். விளக்கை அணைத்துவிட்டு யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே பட்டது. கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

நிற்காமல் போய்விடலாம் என்று நினைத்த அதே நொடியில், காரின் வெளிச்சத்தில் ஒரு பட்டுப்பாவாடையின் சரிகை மின்னியது. பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. சாலையோரப் புல்லில் ஆட்கள் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. நான் இறங்கவில்லை, அவர்களும் நகரவில்லை. யார் முதலில் பாய்வார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் அந்தக் குரல் கேட்டது.

“ஆன்ட்டி, பயப்படாதீங்க! அது எங்கப்பா காடி!”

என் மகள். அவள் பின்னால் என் மனைவி, இன்னும் நாலைந்து பெண்கள், பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால், அணைத்த டார்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். காரிலிருந்து இறங்கி ஓடினேன். மகளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாரும் அக்கா என்றே கூப்பிடும் அவர் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்து போவது அவர் பொறுப்பு. அவரோடு போனால் பயமில்லை என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவர் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கழுத்தில் அந்தத் தழும்பு கயிறு சுற்றினாற்போல் கிடந்தது. அதிலிருந்து பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைக்க வேண்டும், பேசக் கூடாது, புல்லில் ஒதுங்க வேண்டும் என்பது அவர் சட்டம். கழுத்து நகை தெரியாமலிருக்க எல்லாரும் கறுப்புச் சால்வை வேறு. திருடன் கண்ணுக்குத் தப்ப நினைத்தவர்கள் ஓட்டுநர் கண்ணுக்கும் தப்பிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணில் ஒரு பிள்ளை சறுக்கி நடுச்சாலைக்கு வந்தால் கதை முடிந்தது.

மறுநாள் அவரிடம் போய், விளக்கை அணைக்காதீர்கள், இருட்டில் உங்களை யாருக்கும் தெரிவதில்லை என்று சொன்னேன். அவர் என்னையே மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க ஏன் தம்பி ஸ்லோ பண்ணீங்க? நல்லவன் நேரா போயிடுவான்லா.”

“வெளிச்சம் தெரிஞ்சிச்சு, அதான் ஸ்லோ பண்ணேன். அணைச்சதுக்கப்புறம் ஒன்னுமே தெரியல அக்கா.”

“அவ்வளவு பெரிய லைட்டு வச்சிருக்கீங்க, பத்து பேர் நிக்கிறது தெரியாதா? போன்ல நோண்டிக்கிட்டு வந்திருப்பீங்க.”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. என் மகளை இனி அனுப்ப மாட்டேன் என்றேன். அதற்கும் அசரவில்லை. கடைசியில் என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள்: அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா என் காரில் உட்கார்ந்து பார்க்கட்டும். கோவிலுக்கு நடப்பவர்கள் வழக்கம்போல் நடக்கட்டும். ஆனால் சாலையில் இறங்காமல், ஓரத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அக்காவின் பேத்தியும் அன்று அவர்களோடு போனாள். என் மகளை நான் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

அக்கா முன் இருக்கையில் கைப்பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தார். இறங்க வசதியாகக் கதவுப் பிடியிலும் ஒரு கை. என்னை நம்பி ஏறவில்லை, என் பொய்யைப் பிடிக்கத்தான் ஏறினார். மெதுவாகவே ஓட்டினேன். தூரத்தில் டார்ச் தெரிந்தது. எங்கள் சத்தம் கேட்டதும் அணைந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அக்கா பார்த்தார். செம்பனை மரங்களும் இருட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“எங்க தம்பி அவங்க? இன்னும் வரலியா?”

“தாண்டி வந்துட்டோம்க்கா.”

“அலமாக்! பொய் சொல்லாதீங்க.”

காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, வந்த வழியே பார்த்தார். அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அதுவரை யாரையும் அந்தச் சாலையில் சத்தம் போடவிடாத அக்கா, பேத்தியின் பெயரைச் சொல்லி அடித்தொண்டையில் கத்தினார். இரண்டாவது முறை கத்தும்போது குரல் உடைந்துவிட்டது. “இங்கதான் இருக்கோம் பாட்டி” என்று பதில் மிகப் பக்கத்திலிருந்து வந்தது.

இப்போது அக்கா சிகாமட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். சாலையில் விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன; பாதி எரிவதில்லை. என் மகளே அந்த வழியில் கார் ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் இன்னும் நடக்கிறார்கள், அக்கா அன்றே மாற்றிய சட்டப்படி வெளிர்நிற உடையில், ஆளுக்கொரு விளக்கோடு. பின்னால் வண்டி மெதுவானால் எல்லாரும் திரும்பி ஓட்டுபவர் முகத்தையும் வண்டி எண்ணையும் முறைத்துப் பார்க்கிறார்கள். கூனிக்குறுக வைக்கும் பார்வை அது. போன வாரம் மகள் வீட்டுக்கு வந்து, “என்னையே திருடி மாதிரி பாக்குறாங்கப்பா” என்று கோபப்பட்டாள். பார்க்கட்டும் என்றேன். அவள் கண்ணுக்கு அவர்கள் தெரிகிறார்களே, அது போதும்.